பழைய நிரலும் புதிய கணினியும்

கடிதமும் அறிக்கையும் தட்டச்சு செய்யும் சொற்செயலி, கணக்கு அட்டவணைகளைக் கையாளும் விரிதாள், உறுப்பினர் பட்டியலையும் கையிருப்பையும் சேமிக்கும் தரவுத்தளம், மலரும் அழைப்பிதழும் அமைக்கும் பக்க வடிவமைப்பு நிரல் ஆகியவை அலுவலக மென்பொருள் என்ற பொதுப்பெயரில் அடங்கும். அந்தந்த அலுவலகத்துக்கென எவரோ ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சம்பளப் பட்டியல் நிரலையும் ரசீது நிரலையும் இவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும். இவற்றில் எதுவும் உழைப்பால் தேய்வதில்லை. 1990-இல் சரியாகக் கூட்டிய விரிதாள், அதே சூழல் கிடைக்குமானால், இன்றும் அதே விடையைத்தான் தரும். தேய்வது அதைச் சுமக்கும் இயந்திரம். மாறுவது இயந்திரத்துக்கும் நிரலுக்கும் இடையே நிற்கும் இயங்குதளம். எனவே புதிய கணினி வாங்கிய மறுநாள் பழைய நிரல் இயங்க மறுத்தால், அதற்கு நிரலின் முதுமையைக் காரணமாகச் சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கச் சொல்வோர், கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்வதில்லை. எந்த அடுக்கில் இணைப்பு அறுந்தது என்பதே கேள்வி. செயலி, இயங்குதளம், உரிமம், கோப்பு, தமிழைப் பொறுத்தவரை எழுத்துரு என அடுக்குகள் பல உள்ளன, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

முதல் அடுக்கு செயலி. பிட் என்பது 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளுள் ஒன்றைக் குறிக்கும் மிகச் சிறிய தகவல் அலகு. செயலி ஒரே வீச்சில் எத்தனை பிட் அகலமுள்ள எண்ணைக் கையாள்கிறது என்பதைக் கொண்டு அது 16 பிட், 32 பிட், 64 பிட் என வகைப்படுத்தப்படுகிறது. இன்டெல் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 8086 செயலி 16 பிட் வகையினது. 1985-இல் வந்த 80386 அந்தச் செயலிக் குடும்பத்தை 32 பிட்டுக்கு உயர்த்தியது. 2003-இல் ஏஎம்டி நிறுவனத்தின் ஆப்டெரான் செயலி அந்தக் குடும்பத்தை 64 பிட்டுக்குக் கொண்டுவந்தது. 80386-இல் 'மெய்நிகர் 8086' என்றொரு நிலை அமைக்கப்பட்டிருந்ததால், விண்டோஸுக்கு முன் வழங்கிய டாஸ் என்ற இயங்குதளத்தின் காலத்து நிரல் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பழைய கணினியையும் தானே தனியாக ஆள்வதாக நம்பிக்கொண்டு, விண்டோஸுக்குள் ஒரு சாளரத்தில் ஓட முடிந்தது. செயலி 64 பிட் நிலைக்கு மாறியதும் அந்த வசதி கிடைப்பதில்லை. விண்டோஸின் 32 பிட் பதிப்புகளில் இந்த வேலையைக் கவனித்த என்டிவிடிஎம் என்ற உறுப்பு, 64 பிட் பதிப்புகளில் சேர்க்கப்படவே இல்லை. விண்டோஸ் 10 வரையில் 32 பிட் பதிப்பு ஒன்று உடன் வந்துகொண்டிருந்தது; 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வந்ததோடு அந்த வாசலும் அடைபட்டது.

இதில் பழி முழுவதையும் செயலியின்மேல் போடுவது நியாயமாகாது. டாஸ் நிரல்களுக்குப் பொருந்தும் தடை, விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களுக்கு அப்படியே பொருந்தாது. அவற்றை 64 பிட் செயலிகள் இன்றும் இயக்கவல்லவை, லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓடவைக்கும் ஒயின் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்தும் காட்டுகிறது. திரையிலுள்ள ஒவ்வொரு சாளரத்துக்கும் இயங்குதளம் தரும் அடையாள எண், 64 பிட் விண்டோஸில் 32 பிட் அகலமாக இருப்பதால் 16 பிட் நிரலின் கைக்குள் அடங்காது என்பதே மைக்ரோசாஃப்ட் கூறிய காரணம். காரணம் உண்மையானதுதான், ஆனால் அது இயற்கையின் விதியன்று, ஒரு வடிவமைப்பு முடிவு. ஓடிவிடிஎம் என்ற தன்னார்வத் திட்டம் 64 பிட் விண்டோஸிலேயே அத்தகைய நிரல்கள் பலவற்றை இயக்கிவிடுகிறது.

32 பிட் நிரல்களின் நிலை இவ்வளவு மோசமில்லை. அவற்றைத் தாங்கும் அடுக்கு விண்டோஸ் 11-இலும் இருக்கிறது. ஆயினும் 1990-களின் பிற்பகுதியில் வந்த நிரல்களில் ஒரு வேடிக்கை உண்டு. நிரல் 32 பிட்டாக இருக்கும். அதைக் குறுந்தட்டிலிருந்து கணினிக்குள் பதிக்கும் நிறுவி மட்டும், விண்டோஸ் 3.1 வைத்திருந்தோரிடமும் நாகரிகமாகப் பேசி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதற்காக 16 பிட்டாக எழுதப்பட்டிருக்கும். குறுந்தட்டைப் போட்டவுடன் 'இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது' என்ற செய்தி வர, பயனர் நிரலே செத்துவிட்டதாகக் கருதிவிடுகிறார். உண்மையில் செத்தது வாசற்காவலன் மட்டுமே. இன்ஸ்டால்ஷீல்டு 5, மைக்ரோசாஃப்டின் ஆக்மி ஆகிய நிறுவிகளின் சில பதிப்புகளை 64 பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள 32 பிட் நிறுவியை ஓடவைக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு, பழைய கணினியில் ஏற்கெனவே பதிந்துள்ள கோப்புறையை அப்படியே நகலெடுத்து வந்து முயன்று பார்ப்பது பல வேளைகளில் பலிக்கும்.

செயலியின் அகலத்தைப் போலவே அதன் வேகமும் பழைய நிரலைக் கொல்லக்கூடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். போர்லாண்டு நிறுவனம் 1992-இல் வெளியிட்ட டர்போ பாஸ்கல் 7 என்ற மொழிக்கருவியால் எழுதப்பட்ட நிரல்கள் பல, 1990-களின் இறுதியில் வந்த விரைவான பென்டியம் கணினிகளில், திறந்த கணமே 'பிழை 200: பூச்சியத்தால் வகுத்தல்' என்று சொல்லி நின்றுபோயின. காரணம் இது. திரையைக் கையாளும் சிஆர்டி என்ற நிரற்பகுதி, காலத்தாமதத்தை அளப்பதற்காக, நிரல் தொடங்கும்போதே ஒரு சிறு சோதனை செய்கிறது. கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பான ஏறத்தாழ 55 மில்லிவினாடிக்குள் ஒரு வெற்றுச் சுழல் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, அந்த எண்ணை 55-ஆல் வகுத்து, ஒரு மில்லிவினாடிக்கு எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்கிறது. ஈவை வைக்க ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. சுற்றுகளின் எண்ணிக்கை சுமார் 36 லட்சத்தைத் தாண்டியவுடன் ஈவு அந்த இடத்தில் அடங்காமல் வழிகிறது; அப்படி வழிவதையும் பூச்சியத்தால் வகுப்பதையும் செயலி ஒரே குறிப்பால் தெரிவிப்பதால், நிரல் தவறான பிழைச்செய்தியை அச்சிட்டுவிட்டு மடிகிறது. பூச்சியம் எங்கும் இல்லை. கணினி வேகமாக இருந்தது, அவ்வளவே. நிரலை எழுதியவர் சோம்பேறியுமல்லர். வருங்காலக் கணினி அவர் கணக்கிட்டதைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டது. இதற்குத் திருத்தப்பட்ட நிரற்பகுதியும், மூலநிரல் இல்லாதவர்களுக்கு இயங்குகோப்பையே ஒட்டுப்போடும் சிறு கருவிகளும் அக்காலத்திலேயே வந்துவிட்டன. இன்று டாஸ்பாக்ஸ் போன்ற போலிமையாக்கியில், அதாவது பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில், வேகத்தைக் குறைத்து வைத்தாலும் நிரல் எழுந்துவிடும்.

இரண்டாம் அடுக்கு இயங்குதளம். ஒரு நிரல் இயங்குதளத்திடம் சில வாக்குறுதிகளை நம்பி எழுதப்படுகிறது, அவற்றுள் ஆவணப்படுத்தப்பட்டவை சில, நிரலர் தாமாக ஊகித்துக்கொண்டவை பல. விண்டோஸ் 95 வெளிவந்தபோது, தான் எந்தப் பதிப்பு என்று கேட்ட பழைய நிரல்களிடம் அது 4.0 என்று சொல்லாமல் 3.95 என்று சொன்னது இதனால்தான். 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று சோதிக்க நினைத்த நிரலர் சிலர், புள்ளிக்கு முன்னுள்ள எண் 3-க்குக் குறையக்கூடாது, பின்னுள்ள எண் 10-க்குக் குறையக்கூடாது என்று தனித்தனியே எழுதிவிட்டதால், 4.0 என்ற உண்மையான விடையில் பின்னுள்ள பூச்சியம் அவர்களுடைய நிரலைத் தடுத்துவிடும். இன்று நிரலின் சின்னத்தை வலது சொடுக்கு செய்து, பண்புகள் சாளரத்தில் 'இணக்கம்' என்ற பகுதிக்குப் போய், விண்டோஸ் எக்ஸ்பி என்றோ விண்டோஸ் 7 என்றோ தேர்ந்தெடுக்கும் வசதியும் இதே வகையான கருணைப் பொய்தான். அந்தத் தேர்வு நிரலுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இடையடுக்கைச் செருகி, பழைய பதிப்பு தரும் விடைகளைத் தரவைக்கிறது. அது 16 பிட் நிரலை 64 பிட் கணினியில் உயிர்ப்பிக்காது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த நோய் வேறு அடுக்கில் இருக்கிறது.

இயங்குதள மாற்றங்களுள் அலுவலகங்களை அதிகம் குழப்பியது 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் பாதுகாப்பு ஏற்பாடு. அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்கள் தம் தரவுக்கோப்பைத் தாம் பதிந்துள்ள 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள்ளேயே எழுதிவந்தன. சாதாரணப் பயனர் அங்கே எழுதக்கூடாது என்று விஸ்டா விதித்தது. ஆனால் விதியை அப்படியே அமல்படுத்தினால் பழைய நிரல்கள் அனைத்தும் விழுந்துவிடும் என்பதால், எழுத முயலும் நிரலிடம் 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிட்டு, கோப்பை அந்தப் பயனரின் சொந்த அடைவில் 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்ற மறைவான கோப்புறைக்குள் வைத்தது. விளைவு, காலையில் ஓர் எழுத்தர் தம் பெயரில் நுழைந்து பதிந்த ரசீதுகள், மாலையில் வேறொருவர் தம் பெயரில் நுழைந்து பார்க்கும்போது காணப்படா. இருவரும் ஒரே நிரலைத் திறந்து வெவ்வேறு கணக்கேடுகளில் எழுதிக்கொண்டிருப்பார்கள். பழைய கணினியைக் கழிக்கும்போது 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையை மட்டும் நகலெடுத்து வந்தால், நிரல் பதிந்த நாளின் வெற்றுத் தரவு வந்துசேரும், உண்மையான தரவு குப்பைக்குப் போகும். பரிகாரம் எளிது: நிரலை 'சி' வட்டின் நேரடி அடைவு ஒன்றில், எல்லாப் பயனர்களுக்கும் எழுதும் உரிமை தந்து பதிப்பது, இடம் மாற்றும் முன் வர்ச்சுவல்ஸ்டோரைத் தேடிப் பார்ப்பது.

உரிமத் தடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையத்தின் வழியே விற்பனையாளரிடம் பதிவு செய்து செயல்படுத்தும் முறை ஆபீஸ் எக்ஸ்பி வந்த 2001-க்குப் பின் பரவியது. அந்த வழங்கி நிறுத்தப்படும் நாளில், பணம் கொடுத்து வாங்கிய குறுந்தட்டும் பயனற்றதாகும். கணினியின் பழைய அச்சுப்பொறி வாயிலில் செருகப்படும் டாங்கிள் என்ற சிறு வன்பூட்டைக் கேட்கும் நிரல்களுக்கு இடர் இரட்டிப்பு. புதிய கணினியில் அந்த வாயிலும் இல்லை, பூட்டுக்கான 32 பிட் இயக்கி 64 பிட் விண்டோஸில் ஏறவும் ஏறாது. நிரலோடு வந்த பழைய வகை உதவிக் கோப்புகளைத் திறக்கும் வசதியும் விண்டோஸ் 10-இல் கிடையாது.

மேற்கண்ட தடைகளில் எதுவும் தனித்தனியே தீராதபோது, பழைய கணினி முழுவதையும் புதிய கணினிக்குள் குடியமர்த்துவதே உறுதியான வழி. மெய்நிகர் இயந்திரம் எனப்படுவது, ஒரு கணினிக்குள் மென்பொருளால் உண்டாக்கப்படும் மற்றொரு கணினி. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், விண்டோஸின் உயர்பதிப்புகளோடு வரும் ஹைப்பர்-வி ஆகியவை இதற்கானவை. பழைய வன்வட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து அதற்குள் ஏற்றலாம், அல்லது பழைய விண்டோஸைப் புதிதாகப் பதிந்து நிரலை அதில் வைக்கலாம். கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது என்ற நிபந்தனை இதில் குறுக்கிடுவதுண்டு. அத்தகைய மெய்நிகர் இயந்திரத்துக்கு இணைய இணைப்புக் கொடுக்கவே கூடாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கும் ஆபீஸ் 2003-க்குமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளே நின்றுவிட்டன.

டாஸ் நிரல்களைப் பொறுத்தவரை உண்மையான தொல்லை அச்சிடும்போதுதான் தொடங்குகிறது. அவை எல்பிடி 1 என்ற வாயிலுக்கு எழுத்துகளை நேரடியாக அனுப்புகின்றன. அக்காலத்து டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி அவற்றை அப்படியே அடித்துத் தந்தது. இன்றைய மலிவுவிலை யுஎஸ்பி அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு எழுத்தைக் கொடுத்தால் புரியாது, பக்கத்தின் படத்தையே கொடுக்க வேண்டும். அச்சுப்பொறியை வலைப்பின்னலில் பகிர்ந்து, கட்டளை வரியில் எல்பிடி 1 என்ற பெயரை அதற்குச் சூட்டும் தந்திரம், அச்சுப்பொறி வெற்றெழுத்தைப் புரிந்துகொள்வதாயிருந்தால் மட்டுமே பலிக்கும். விடாஸ், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஆகியவை அச்சுக்குப் போகும் எழுத்தைப் பிடித்து விண்டோஸின் அச்சுமுறைக்கு மாற்றித் தருவதால், அலுவலக வேலைக்கு அவையே ஏற்றவை. சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இனிக் கோப்பு. நிரலைக் காப்பாற்றுவது எதற்காக என்று கேட்டால், பெரும்பாலான அலுவலகங்களில் விடை கோப்புக்காக என்பதே. 1978-இல் வெளியான வேர்ட்ஸ்டார், சொல்லின் கடைசி எழுத்தைக் குறிக்க அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை உயர்த்தி வைத்தது. அக்கோப்பை இன்றைய நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் விநோதக் குறி தெரியும், உரையோ முழுமையாக உள்ளே இருக்கும். 2007 செப்டம்பரில் வந்த ஆபீஸ் 2003-இன் மூன்றாம் சேவைத் தொகுப்பு, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பழைய வடிவங்கள் பலவற்றைத் திறக்காமல் தடுத்தது. இன்றைய வேர்டிலும் வேர்ட் 95-உம் அதற்கு முந்தையனவுமான கோப்புகளுக்குத் தடை இருக்கிறது, அதை டிரஸ்ட் சென்டர் என்ற பகுதியில் தளர்த்திக்கொள்ளலாம். ஆக்சஸ் 97 தரவுத்தளத்தை ஆக்சஸ் 2013 திறக்காது. 2010 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு ஒன்றில் மாற்றிய பிறகே புதியது ஏற்கும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பு இவ்விடத்தில் பேருதவி: வேர்ட்பெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ், லோட்டஸ் 1-2-3, பேஜ்மேக்கர் ஆகியவற்றின் கோப்புகளை, அவற்றுள் பலவற்றை உருவாக்கிய நிறுவனங்களே கைவிட்ட பின்னும், அது படிக்க முயல்கிறது.

திறப்பது வேறு, சரியாகத் திறப்பது வேறு. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3, 1900-ஆம் ஆண்டை நெட்டாண்டு என்று தவறாகக் கொண்டது. லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் அந்தத் தவற்றை அறிந்தே ஏற்றது, இன்றும் அதில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாள் வரும். லிப்ரே ஆபீஸ் அந்த நாளை ஏற்காததால், 1900 மார்ச்சுக்கு முந்தைய தேதிகள் இரண்டிலும் ஒரு நாள் வேறுபடும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடித்தால், 00 முதல் 29 வரை 2000-களாகவும் 30 முதல் 99 வரை 1900-களாகவும் கொள்ளும் வழக்கம் எக்செல் 97 என்ற பதிப்பிலிருந்து இருக்கிறது. 2030-ஐ 30 என்று அடிக்கும் எழுத்தர் விரைவில் இதை எதிர்கொள்வார். ஆதரவிலுள்ள நிரலிலேயே உறுப்பு ஒன்று காணாமற்போவதும் உண்டு: 2000-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட சமன்பாட்டுத் திருத்தி என்ற துணைநிரலில் ஆபத்தான ஓட்டை 2017-இல் வெளிப்பட, 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை ஆபீஸிலிருந்தே நீக்கியது, பழைய வினாத்தாள்களிலுள்ள சமன்பாடுகள் இன்று தெரியும், அதே கருவியால் திருத்த முடியாது.

தமிழ் ஆவணங்களுக்கு இவை அனைத்துக்கும் மேலாக ஓர் அடுக்கு உண்டு. விண்டோஸ் 2000-இல்தான், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையிலான தமிழ் முதன்முதலாக விண்டோஸுக்குள் வந்தது. அதற்கு முன்னும், அதற்குப் பின் நெடுங்காலமும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்களாலேயே தமிழ் எழுதப்பட்டது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்ற சொல் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே கிடக்கிறது. அதைத் தமிழாக்குவது எழுத்துரு ஒன்றே. புதிய கணினியில் எழுத்துரு இல்லையெனில் வேர்ட் வேறொரு எழுத்துருவைப் போட்டு, பொருளற்ற ஆங்கிலக் குறிகளைக் காட்டும். எழுத்துருக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்துவந்து பதித்தால் தமிழ் திரும்பிவிடும். பழைய ட்ரூடைப் எழுத்துருக்கள் இன்றைய விண்டோஸிலும் வேலை செய்கின்றன. ஆனால் வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வேர்டின் வசதியை நிறுத்தி வைக்காவிட்டால், சிறிய எம் பெரிய எம்மாக மாறி, அகரம் ஆகாரமாகி, 'அம்மா' 'ஆம்மா' ஆகிவிடும்.

தேடவும் வரிசைப்படுத்தவும் கைப்பேசியில் படிக்கவும் வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியீடுகளையும், 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. இவற்றுக்கு வெளியே தனியார் நிறுவனங்களின் குறியீடுகள் எத்தனையோ புழங்கின. மாற்றிகள் இலவசமாகக் கிடைத்தாலும் இரு இடங்களில் கவனம் தேவை. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் உள்ளது. யூனிகோடில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வர வேண்டும், இந்த இடமாற்றத்தில் கோட்டைவிடும் மாற்றிகள் உள்ளன. மற்றொன்று பெரும்பாலும் கவனிக்கப்படாதது: எந்தப் பகுதி தமிழ், எந்தப் பகுதி உண்மையான ஆங்கிலம் என்பதற்கு ஆவணத்தில் உள்ள ஒரே சான்று எழுத்துருவின் பெயர். உரையை மட்டும் நகலெடுத்து வெற்றெழுத்தாக ஒட்டினால் அந்தச் சான்று அழிந்து, இடையே வந்த ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் தமிழ்க் குப்பையாக மாற்றப்படும். ஆகவே வடிவமைப்போடு கூடிய மூலக்கோப்பையே மாற்றிக்குக் கொடுக்க வேண்டும். மாற்றிய பின்னும் மூலத்தை அழிக்கக்கூடாது.

நிரலையும் கோப்பையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, பழைய நிரலை அன்றாட வேலைக்குத் தொடர்ந்து நம்பியிருப்பதும், கோப்புகளை மாற்றிவிட்டோம் என்று நிரலைத் தூக்கி எறிவதும் ஆகிய இரண்டும் தவறான முடிவுகள் என்பது விளங்கும். மாற்றிய கோப்பு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அதை உருவாக்கிய நிரல் எங்கேனும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு இணையம் துண்டிக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரம் போதும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதன் 32 பிட் பதிப்பில் சம்பளப் பட்டியலையும் ரசீதையும் ஓட்டிக்கொண்டிருக்கும் சிறு நிறுவனங்களும் சங்கங்களும் பள்ளிகளும், அந்தக் கணினி இன்னும் எழுந்து ஓடும் நிலையில் இருக்கும்போதே அதன் வன்வட்டை முழுமையாகப் படியெடுத்து, எழுத்துருக் கோப்புறையையும் உரிம எண்களையும் குறுந்தட்டுகளையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒவ்வொரு வகை ஆவணத்திலிருந்தும் ஒரு பக்கத்தைக் காகிதத்தில் அச்சிட்டு ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன.